உப்பு ஜாடியை நகர்த்திய கை

தன்னைப் போல நடிக்கத் தெரியாமல் ஒரு மனிதர் தோற்றுப்போனார் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் செய்தார்கள். படம் வெளிவந்தபோது அந்தக் காட்சிக்குத்தான் தியேட்டரே குலுங்கியது. ஆனால் படத்தில் வருவதற்கு முன்னால் அது நிஜத்தில் நடந்தது. நடந்தது மாஸ்டருக்கு.

மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். காலடியில் ஒரு கூடுதல் பிரேக்கும் பக்கத்தில் ஒரு பயந்த முகமுமாக வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய ஒரே மகன் சினிமா இயக்குநர் ஆனான். முதல் படத்துக்குக் கதை தேடி உலகமெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அப்பாவையும் அம்மாவையும் வைத்து ஒரு நகைச்சுவைப் படம். அதுவும் நேரான கதை இல்லை. படத்துக்குள் ஒரு இயக்குநர். அவன் தன் அப்பாவைப் பற்றிப் படம் எடுக்கிறான். அந்த அப்பா படப்பிடிப்பைப் பார்க்க வருகிறார். வீடு மாதிரியே போட்டிருக்கும் செட்டை வீடு என்றே நினைத்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறார். கதையைக் கேட்டு மாஸ்டருக்குத் தலை சுற்றியது.

"இதுல நிஜம் எது, படம் எதுடா?" என்று கேட்டார்.

"அதான்ப்பா படமே," என்றான் மகன்.

அப்பா வேடத்துக்கு அப்பாவையே போட்டுவிடலாம் என்று அவனுக்கு ஆசை. அலுவலகத்தில் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி: "கண்ணாடியப் பாக்காம வண்டிய எடுக்காத." மாஸ்டர் தூக்கத்தில்கூடச் சொல்கிற வரி என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மாஸ்டருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். "சார், இன்னும் கொஞ்சம் இயல்பா... நீங்க எப்படிச் சொல்வீங்களோ அப்படியே," என்றார்கள். நான் எப்படிச் சொல்வேன் என்று யோசிக்க ஆரம்பித்ததும் இருந்த கொஞ்சமும் போயிற்று. கடைசியில் நடிகர்களைத் தேர்வு செய்கிறவர் மகனைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"நல்ல மனுஷன்தான். ஆனா அப்பா மாதிரி இல்ல," என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அதத்தானேங்க சொல்லிட்டு இருக்கேன், யாரு கேட்டா? நீங்க வீட்டுக்காரர் மாதிரியும் இல்ல." மாஸ்டர் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளோ நினைத்து நினைத்துச் சிரித்தாள், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும்.

அந்த வேடம் ஒரு நடிகருக்குப் போயிற்று. அவர் ஒரு வாரம் மாஸ்டரின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து சுற்றினார். படத்தில் பார்த்தால், வண்டியைக் கிளப்பும் முன் ஸ்டியரிங்கை மூன்று தட்டுத் தட்டி, "கிளம்பலாமா கண்ணு?" என்று காரிடம் கேட்கிறார். மாஸ்டர் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதே இல்லை. ஆனால் படம் ஓடிய பிறகு கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் அதைச் செய்து காட்டச் சொல்லி அடம்பிடித்தார்கள். முதலில் முறைத்தார். பிறகு சலித்துப்போய் ஒருநாள் தட்டினார். பிறகு யாரும் கேட்காமலே தட்டினார். இப்போது தனியாக இருக்கும்போதும் கை தானாகத் தட்டுகிறது. அது கிடக்கட்டும். தன்னை இழந்ததைப் பற்றி மாஸ்டருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவருடைய வருத்தம் வேறு.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய சுண்டுவிரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவள் இடதுகைக்காரி. கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு வீட்டுக்காரியிடம் மட்டும் பொறுமை இல்லை. மூன்றாம் நாளே சண்டை. அவர் கோபத்தில் இறங்கிச் சுற்றி வந்து கதவை அறைந்து சாத்தினார். இறங்கப் பார்த்த அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் அதில் மாட்டியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன் பிறகு அந்த வீட்டில் எந்தச் சண்டையும் நீளமாக நடந்ததில்லை. அவர் குரலை உயர்த்தினால் போதும், அவள் ஒன்றும் பேசமாட்டாள். கோணல் விரலை மட்டும் உயர்த்துவாள். வழக்கு அதோடு தள்ளுபடி. "இதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க," என்பாள். கடைசி வரையில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

மகன் கதை எழுதும்போது அந்த விரலை எழுதிப் பார்த்தான். ஆனால் நடிகைக்கு விரல் நேராக இருந்தது. தவிரவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சுண்டுவிரல் தெரியாது. அதனால் விரலை எடுத்துவிட்டுக் கையில் ஒரு பச்சைக் குடையைக் கொடுத்தான். படத்தில் வரும் மனைவி சண்டை வந்தால் வீட்டுக்குள்ளேயே குடையை விரிப்பாள். அதற்கு ஒரு சிரிப்பு. மழையே இல்லாத நாளில் விரிப்பாள். அதற்கு இன்னொரு சிரிப்பு.

செட் போட்டபோது வீட்டை அப்படியே பெயர்த்து வைத்தார்கள். அப்படியே என்றால், நிஜமாகவே. "புதுசு வாங்கித் தரேன்ம்மா, பழசுதான் கேமராவுல நல்லா இருக்கும்," என்று மகன் சாப்பாட்டு மேசை, திரைச்சீலை, மாஸ்டரின் சாய்வு நாற்காலி, அடுப்படி ஜாடிகள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினான். வீட்டில் இருந்ததெல்லாம் செட்டுக்குப் போய், செட்டுக்கு வாங்க வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்தது. அவளுக்கு அப்போதே உடம்பு சரியில்லை, அசதி என்று மட்டும் நினைத்திருந்தார்கள். புது மேசையில் கையை வைத்து, "யாரோ வீட்ல விருந்தாளியா வந்த மாதிரி இருக்குங்க," என்றாள்.

ஒரே ஒருநாள் படப்பிடிப்பைப் பார்க்கப் போனார்கள். முன்பக்கமிருந்து பார்த்தால் அவர்கள் வீடு. பின்பக்கம் போனால் ஒட்டுப்பலகையும் முட்டுக் கட்டைகளும். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே தெரு இல்லை, வயர்கள்தான் இருந்தன. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் மாஸ்டர் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடிகர், மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டியிடம் ஒத்திகை பார்க்கும் காட்சி. மனிதர் அசத்திக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது உப்பு ஜாடியை. நடிகை வலதுகைக்காரி என்பதால் ஜாடியை அடுப்புக்கு வலது பக்கம் வைத்திருந்தார்கள். வீட்டில் அது எப்போதும் இடது பக்கம். தன்னுடைய அடுப்பு, தன்னுடைய ஜாடி, தப்பான இடம். பொறுக்குமா? கேமரா ஓடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மெல்ல இடது கையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி, ஜாடியைத் தூக்கி, அடுப்புக்கு இடது பக்கம் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டி, உதட்டின் மேல் அந்தக் கோணல் விரலை வைத்தாள்.

எடுத்ததிலேயே நடிகரின் சிறந்த நடிப்பு அதுதான் என்று அந்தப் பகுதியையே படத்தில் வைத்தார்கள். நடிகரின் தோளுக்குப் பின்னால், ஓரத்தில், மங்கலாக ஒரு கை வந்துவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. படம் முடிவதற்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரமாக நடந்துவிட்டது. மகனும் கவனிக்கவில்லை, பாவம், அவன் அந்த மாதங்களில் எதைத்தான் கவனித்தான்.

படம் வெளிவந்து ஓடோ ஓடென்று ஓடியது. பத்துத் தடவை பார்த்தவர்கள் பிறகு தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஷாட்டில் உப்பு ஜாடி வலது பக்கம், அடுத்த ஷாட்டில் இடது பக்கம். நடுவில் யாருமில்லாத ஜன்னலிலிருந்து ஒரு கை! அதற்கு வட்டம் போட்டு, "பேய்க் கை" என்று பேர் வைத்து, ஊரெல்லாம் போனில் அனுப்பிச் சிரித்தார்கள். மகன் பேட்டிகளில், "செட்ல பொருள் எடுத்து வைக்கிற பையன் எவனோ அவசரப்பட்டுட்டான்," என்று சொல்லித் தானும் சிரித்தான். தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், அந்தக் கை தப்பே இல்லை, தான் ஒரு படம் என்று படமே தன்னைக் காட்டிக்கொடுக்கும் பின்நவீனத்துவத் தருணம் என்று நிறுத்தாமல் பேசினார். மாஸ்டர் அதைக் கடைசி வரைக்கும் கேட்டார். ஜாடியை இடம் மாற்றி வைத்ததற்கு இவ்வளவு பெரிய பேர் உண்டு என்று தெரிந்திருந்தால் அவள் இன்னும் நாலு சாமானை மாற்றி வைத்திருப்பாள் என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. பக்கம் திரும்பினால் சொல்ல ஆள் இல்லை.

மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவரிடம் பதில் இருந்தது. சொன்னால் அடுத்த பேட்டியில் அது வந்துவிடும். ஊரில் எல்லாரும் சிரிக்கிற ஒன்றுக்குள் தனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

வருஷங்கள் போயின. மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தங்கமான பெண். மாமியாரைப் பார்த்ததில்லை, ஆனால் படத்தைப் பார்த்திருக்கிறாள். வந்த புதிதில் ஒரு பச்சைக் குடை வாங்கி வந்து மாமியாரின் போட்டோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"அத்தைக்கு இதுன்னா உசுரு இல்ல மாமா?" என்றாள்.

"அது படத்துலம்மா," என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாமா," என்றாள் அவள், ஆறுதல் சொல்வதுபோல். குடை அங்கேயே இருந்தது. மகன் பார்த்துவிட்டுக் கண்கலங்கினான். பிறகொருநாள் பேட்டியில், சின்ன வயதில் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தபோது அம்மா குடையை விரித்துப் பிடித்து அப்பாவின் திட்டிலிருந்து தன்னைக் காப்பாற்றியதாகச் சொன்னான். அது பொய் இல்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அந்தக் காட்சியை எழுதியதே அவன்தான் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

பிள்ளையைக் குறை சொல்ல மாஸ்டருக்கு என்ன யோக்கியதை? ஒருநாள் மத்தியானம் சாய்ந்து கண்ணை மூடி அவளை நினைத்துப் பார்த்தார். சண்டை போட்டாள், நன்றாகவே போட்டாள், ஆனால் கையில் குடை இருந்தது. முகம் நடிகையின் முகம். மாஸ்டர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். மறுபடி கண்ணை மூடினார். மறுபடி நடிகைதான் வந்தாள். மனைவி இறந்த அன்றைக்குக்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

போட்டோக்களை எடுத்துப் பார்க்கலாம் என்றால், அவள் கேமராவைக் கண்டாலே கையால் முகத்தை மறைக்கிற ஜாதி. அடையாள அட்டைக்காக எடுத்த படங்களில் அவள் அவளாகவே இல்லை, வங்கிக்கு வந்தவள்போல் இருந்தாள். அசைகிற அவள், உயிரோடு ஒரு காரியம் செய்கிற அவள், இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தாள். அன்றிலிருந்து மருமகள் வேலைக்குப் போன பிறகு மாஸ்டர் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். கை வரும். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, விலகி நிற்கிற சுண்டுவிரல், ஜாடியின் கழுத்தைப் பிடிக்கிற பிடி. போய்விடும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனால் அவள் முகம் வரும், கண்ணை உருட்டுவாள். குடை வராது. அன்றைய பாட்டுக்கு அது போதும்.

இன்னொன்றும் செய்வார். மருமகள் உப்பு ஜாடியை அடுப்புக்கு வலது பக்கம் வைப்பாள், படத்தில் அப்படித்தான் இருந்தது, அவளுக்கும் கைக்கு வாகு. மாஸ்டர் காலையில் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அதை இடது பக்கம் நகர்த்தி வைப்பார். சாயங்காலத்துக்குள் அது வலது பக்கம் போயிருக்கும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் மகன் உற்சாகமாக வந்தான். "படம் திரும்ப ரிலீஸ் ஆகுதுப்பா! கலர் எல்லாம் சரி பண்ணி, சத்தம் சரி பண்ணி, புதுசா. இருந்த தப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல துடைச்சாச்சு. பேய்க் கைகூடப் போயிடுச்சு!"

மாஸ்டர் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"எது போயிடுச்சு?"

"அந்தக் கைப்பா. சுத்தமா எடுத்துட்டோம். வந்து பாருங்க, அடையாளமே தெரியாது."

மறுநாள் காலையிலேயே மகனோடு ஸ்டூடியோவுக்குப் போனார். குளிரூட்டிய சின்ன அறை, இரண்டு பெரிய திரைகள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் தன் கைத்திறமையைக் காட்டுகிற ஆசையில், இடது திரையில் பழையதையும் வலது திரையில் புதியதையும் ஒன்றாக ஓடவிட்டாள். இடது பக்கம் கை வந்தது, ஜாடியைத் தூக்கியது, போயிற்று. வலது பக்கம் ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது, ஜாடி ஆடாமல் அசையாமல் இருந்தது. "எப்படி சார்?" என்றாள் அந்தப் பெண். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அது உங்கம்மா கைடா," என்றார் மகனைப் பார்த்து.

மகன் சிரிக்கப் போனான். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாஸ்டர் அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொன்னார், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றதுமுதல். மகன் இடது திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தான். "நிறுத்துங்க," என்றான் அந்தப் பெண்ணிடம். கை நின்றது. தழும்பு தெரிந்தது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, நாலு பேர் முன்னால் விம்மி விம்மி அழுதான்.

"ஏம்ப்பா இத்தனை வருஷமா சொல்லல? நானும் சேந்து சிரிச்சிருக்கேனேப்பா..."

"அவளும்தான் சிரிச்சா. விடு," என்றார் மாஸ்டர். "அத மட்டும் எடுக்காதடா. வேற என்ன வேணா துடைச்சுக்க."

மகன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அம்மாவ நான் எடுப்பேனாப்பா? நான் பாத்துக்கறேன். நீங்க தியேட்டர்ல வந்து பாருங்க." மாஸ்டருக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வரும்போது, பச்சை விளக்கு விழுந்ததும், தன்னை அறியாமல் ஸ்டியரிங்கை மூன்று தட்டுத் தட்டினார்.

முதல் காட்சிக்கு எல்லாரையும் அழைத்திருந்தார்கள். நடிகர், நடிகை, நடிகர்களைத் தேர்வு செய்கிறவர், அந்தப் பேராசிரியர்கூட வந்திருந்தார். மாஸ்டர் நடு வரிசையில் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஜனங்கள் பழைய இடங்களில் பழைய மாதிரியே சிரித்தார்கள். சில இடங்களில் வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக் காட்சி வந்தது. மாஸ்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மகன் இருட்டில் அவர் கையைப் பிடித்தான், அவன் கை வேர்த்திருந்தது.

கை வந்தது. தெளிவாக, வெளிச்சமாக வந்தது. ஜாடியைத் தூக்கி இடது பக்கம் வைத்தது. போகவில்லை. கையைத் தொடர்ந்து தோள் வந்தது, தோளைத் தொடர்ந்து ஜன்னலில் ஒரு முகம் வந்தது. அடையாள அட்டைப் படங்களிலிருந்து கம்ப்யூட்டரில் செய்த முகம். அந்தப் படங்களில் இல்லாததை எல்லாம் நடிகையிடமிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே அது நடிகையின் சிரிப்பைச் சிரித்தது. நடிகரின் முதுகைப் பார்த்து, "இந்த மனுஷன் தேறவே மாட்டார்" என்பதுபோல் தலையை ஆட்டியது. பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தது. கேமராவைக் கண்டால் ஓடுகிறவள், நேராகப் பார்த்தாள். கையை உயர்த்தி அசைத்தாள்.

மாஸ்டர் அந்தக் கையைத்தான் பார்த்தார். தழும்பு இல்லை. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து ஒழுங்காக, நேராக இருந்தது. மங்கலாக இருந்ததைத் தெளிவாக்கும்போது கோணல் ஏதோ பிழை என்று கம்ப்யூட்டர் நிமிர்த்தியிருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கதவை அறைந்து சாத்தியதே நடக்காததுபோல் ஆகிவிட்டது.

திரையில், "அம்மாவுக்கு" என்று எழுத்து வந்தது. அப்புறம் யாரோ கைதட்ட, தியேட்டரே எழுந்து நின்று தட்டியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிகை தேம்பித் தேம்பி அழுதாள். மருமகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனி எங்கேயும் இந்தப் படம்தான், பழைய பிரதியை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு இதையே போட்டுவிட்டார்கள் என்று மகன் காலையில் பெருமையாகச் சொன்னது மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது.

மகன் அவர் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் கண்ணீர். பரீட்சையில் தோற்று வந்த நாளில் எப்படி நின்றானோ, அப்படி. அன்றைக்குக் குடை இருக்கவில்லை; அவள் ஒன்றும் பேசாமல் கோணல் விரலை உயர்த்தினாள், மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது. இதையெல்லாம் இப்போது இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"அம்மா மாதிரியே இருக்காங்க இல்லப்பா?"

ஒரு வார்த்தை போதும். 'இது அவ இல்லடா, பழசக் குடு' என்று கேட்டால் மகன் அன்றைக்கே எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். அது மாஸ்டருக்குத் தெரியும். அம்மாவை ஒருதடவை தொலைத்தவன், திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று நம்பி அழுகிறவன், இரண்டாம் தடவையும் தொலைத்துவிட்டான் என்பதும் அவனுக்கு அந்த வார்த்தையிலேயே தெரிந்துபோகும்.

மாஸ்டர் மகனின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அப்படியே அவதான்டா," என்றார். "அந்தத் தலைய ஆட்டறது பாரு. அச்சு அசல் உங்கம்மா."

குரல் தடுமாறவில்லை. நாக்கு ஒட்டவில்லை. ஒரு தகப்பன் எப்படிச் சொல்வானோ அப்படி, கண்ணில் ஈரமும் உதட்டில் சிரிப்புமாக, கொஞ்சம் கரகரப்பாக வந்தது. மகன் நம்பினான். அவர் தோளைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். பின் வரிசையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, நடிகர்களைத் தேர்வு செய்கிறவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாஸ்டர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார். மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் வீங்கியிருந்தது.

"மாமா, என்னை மன்னிச்சுக்குங்க," என்றாள். "நீங்க தினம் தினம் மாத்தி வெக்கிறப்பல்லாம் வயசாயிடுச்சு, மறந்துபோய் வெக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன். நேத்து படத்துல பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. இனிமே நீங்க மாத்த வேணாம். நானே அத்தை வெக்கிற இடத்துல வெச்சுடறேன்."

உப்பு ஜாடி அடுப்புக்கு இடது பக்கம் இருந்தது.

"சரிம்மா," என்றார் மாஸ்டர். "நேரமாச்சு பாரு, கிளம்பு."

அவள் போன பிறகு மாஸ்டரின் கை பழக்கத்தில் ஜாடியைத் தூக்கிவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே வெளியே வந்தார்.